உம்மாவின் மருந்துப் பையும் படான்செருவின் கிணறுகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பாமசியில் வேலை செய்கிற நம்மூர்ப் பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கள், கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

உம்மா வபாத்தாகி இரண்டு மாதம் கழித்துத்தான் அவருடைய அலுமாரியைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தது. சாறிகளுக்குக் கீழே ஒரு பெரிய சொப்பிங் பை. உள்ளே மாதாமாதம் கிளினிக்கில் கொடுத்த குளிசைகள். சீனிக்கு மெட்ஃபோமின், பிரஷருக்கு லொசாட்டன், கொலஸ்ட்ரோலுக்கு வேறொன்று. முந்தின மாதத்தது முடியுமுன் அடுத்த மாதத்தது வந்துவிடும், மிச்சத்தை எறிய அவருக்கு மனம் வராது. காலில் புண் வந்த நேரம் எழுதிக் கொடுத்த சிப்ரோஃப்ளொக்சசின் அட்டையும் இருந்தது. இரண்டு நாள் போட்டுவிட்டு, புண் ஆறியதும் நிறுத்தியிருக்கிறார். தங்கச்சி உட்கார்ந்து எண்ணினாள். 612 குளிசைகள்.

மச்சான் சொன்னார், "இதுக்கு என்ன யோசனை, கக்கூசில கொட்டி ரெண்டு வாளி தண்ணி ஊத்தி விடுங்க."

அவரைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் எங்கள் வீட்டு மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் முப்பது அடி கூட இல்லை. பக்கத்து வீட்டுக் குழி அதைவிடக் கிட்ட. கீழே இருப்பது கடற்கரை மணல். குழியில் விழுவது எங்கே போகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

அந்த சிப்ரோ அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் உற்பத்தி செய்த இடம் போட்டிருந்தது: சங்காரெட்டி மாவட்டம், தெலங்கானா. அந்தப் பெயரைக் கண்டதும் பையைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹைதராபாத் என்றால் நமக்கெல்லாம் நினைவு வருவது சார்மினாரும் நிஸாமும் பிரியாணியும். அந்த நகரத்திலிருந்து மும்பாய் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் போனால் படான்செரு என்ற ஊர் வரும். தெலுங்கில் செருவு என்றால் குளம். குளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர். சுற்றிலும் சின்னச் சின்னக் குளங்கள், அவற்றை நம்பி நெல்வயல்கள், நடுவே நக்கவாகு என்றொரு ஓடை. அந்த ஓடை மஞ்சிரா ஆற்றில் விழும், மஞ்சிரா கோதாவரியில் சேரும். முன்னர் இதெல்லாம் மேடக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி.

இந்த விவசாய ஊர் உலகத்தின் மருந்துக் கடையாக மாறிய கதைக்கு ஒரு நல்ல தொடக்கம் உண்டு. அதை விட்டுவிட்டுச் சொன்னால் அநியாயமாகிவிடும்.

1961இல் இந்திய அரசு ஐடிபிஎல் என்ற மருந்துக் கம்பனியைத் தொடங்கியது. சோவியத் உதவியோடு அதன் தொழிற்சாலைகளில் ஒன்று ஹைதராபாத்தில் வந்தது. அங்கே வேலை பழகிய இரசாயனவியலாளர்கள் பலர் பின்னர் வெளியே வந்து சொந்தக் கம்பனி தொடங்கினார்கள். 1970இல் இந்தியா தன் காப்புரிமைச் சட்டத்தை மாற்றியது, அது 1972இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மருந்து என்ற பொருளுக்கே யாரும் தனியுரிமை கோர முடியாது, அதைச் செய்யும் வழிமுறைக்கு மட்டும்தான் கோரலாம் என்றது அந்தச் சட்டம். வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் சட்டம் தடுக்காது. ஐரோப்பியக் கம்பனிகள் பொன் விலைக்கு விற்ற மருந்துகளை இந்தியக் கம்பனிகள் கடலை விலைக்குக் கொடுக்கத் தொடங்கியது இப்படித்தான்.

அதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், அவற்றை உலகம் முழுவதும் கேள்விப்பத்திரம் கோரி, தரமாக இருப்பதில் மலிவானதை மொத்தமாக வாங்குவது என்பது அவருடைய வழி. பல ஏழை நாடுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட வழி அது. இன்று நாம் இறக்குமதி செய்யும் மருந்துகளில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. எங்கள் உம்மா சீனி வருத்தத்தோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தார் என்றால், ஒரு சதமும் கொடுக்காமல் கிளினிக்கில் வாங்கிய அந்தக் குளிசைகள்தான் காரணம். மலிவான மருந்தைப் பழித்து ஒரு வார்த்தை எழுத எனக்கு வாய் வராது.

ஆனால் கேள்விப்பத்திரத்தில் விலைக்கு ஒரு நிரல் இருக்கும், தரத்துக்கு ஒரு நிரல் இருக்கும். அந்த மருந்தைச் செய்த இடத்தில் கழிவுநீர் எங்கே போனது என்று கேட்கும் நிரல் அந்தக் காலத்தில் எந்த நாட்டின் கேள்விப்பத்திரத்திலும் இருக்கவில்லை. பணக்கார நாடுகளும் கேட்கவில்லை.

1970களில் படான்செரு, பொல்லாரம் பக்கம் கைத்தொழிற்பேட்டைகள் எழும்பின. பின்தங்கிய மாவட்டத்துக்கு வேலைவாய்ப்பு வருகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். (1980இல் இந்திரா காந்தி நாடாளுமன்றத்துக்குப் போனது இந்த மேடக் தொகுதியிலிருந்துதான். ஆக, யாருடைய கண்ணிலும் படாத மூலை என்று சொல்வதற்கில்லை.) மொத்த மருந்து எனப்படும் மூலப்பொருளைச் செய்யும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு கிலோ மருந்து செய்யப் பல கிலோ கரைப்பான்களும் அமிலங்களும் வேண்டும். எஞ்சியது ஓடைக்கும் குளத்துக்கும் போனது. சில வருடங்களில் கிணற்று நீர் நிறம் மாறியது, மீன் செத்தது, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் விளையவில்லை.

முதலில் கூச்சல் போட்டவர்கள் விவசாயிகள். அவர்களோடு நின்றவர் படான்செருவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் கிஷன் ராவ். தன்னிடம் வருகிற நோய்களுக்கும் ஊர்த் தண்ணீருக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்த மனிதர். பல பத்தாண்டுகள் மனு எழுதினார், ஊர்வலம் போனார், நீதிமன்றப் படியேறினார். 1990இல் ஒரு சுற்றாடல் அமைப்பு இந்திய உயர் நீதிமன்றத்தில் படான்செரு, பொல்லாரம் மாசு பற்றி வழக்குப் போட்டது. (நாம் உயர் நீதிமன்றம் என்பதைத்தான் அவர்கள் உச்ச நீதிமன்றம் என்கிறார்கள், வாசிக்கும்போது குழம்ப வேண்டாம்.) விவசாயிகளுக்கு ஏக்கர் கணக்கில் நட்டஈடு கொடுக்கவும், பாதித்த கிராமங்களுக்குக் குழாயில் குடிநீர் கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதன் பிறகு வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி, பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தீர்ப்புச் சொல்லும் வரை இருபத்தேழு வருடம் இழுபட்டது. வழக்குப் போட்ட நேரம் பிறந்த பிள்ளை அதற்குள் கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றிருக்கும்.

இடையில் 1990களில் ஒரு தீர்வு வந்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியே சுத்திகரிக்கச் செலவு அதிகம், எல்லோருடைய கழிவையும் பவுசரில் ஏற்றி வந்து ஓரிடத்தில் சுத்திகரிப்போம் என்று ஒரு பொது நிலையம் கட்டினார்கள். கேட்க நல்ல திட்டம்தான். அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருந்தது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இப்படியான நிலையங்களில் அழுக்கைத் தின்பது பக்டீரியாக்கள். காற்றை ஊதி அவற்றை வளர்ப்பார்கள், அவை அழுக்கை உண்டு நீரைத் தெளிய வைக்கும். இங்கே வந்த கழிவிலோ பக்டீரியாவைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து இருந்தது. சுத்திகரிப்பு நன்றாக நடக்கவேண்டும் என்று மனிதக் கழிவுநீரையும் அதில் சேர்த்தார்கள். அதாவது மனிதக் குடலில் வாழும் கிருமிகளையும் அன்டிபயோட்டிக்கையும் ஒரே தொட்டியில் விட்டு, இரவு பகலாகக் கலக்கி, எது சாகாமல் தப்புகிறதோ அதை ஓடைக்கு அனுப்பி வைத்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்க யாராவது திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் வேதனை.

அந்த நீருக்குள் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் அளந்து வெளியிடவில்லை. சுவீடனின் கோத்தன்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அளந்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. அந்த நேரம் ஏறத்தாழ தொண்ணூறு தொழிற்சாலைகளின் கழிவு அந்த நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது, நாளுக்குச் சுமார் 1500 கனமீற்றர். சுத்திகரித்து வெளியே விடும் நீரில், கவனியுங்கள், சுத்திகரித்த பிறகு, ஒரு லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளொக்சசின் இருந்தது. ஒரு நோயாளி 500 மில்லிகிராம் சிப்ரோ போட்ட பிறகு அவருடைய இரத்தத்தில் உச்சமாக இருப்பது லீற்றருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான்.

இதை வகுப்பில் கணக்காகக் கொடுத்துப் பார்த்தேன். 1500 கனமீற்றர் என்றால் 15 இலட்சம் லீற்றர். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு 45 கிலோ. ஆய்வாளர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதே 45 கிலோதான். ஒரு குளிசை 500 மில்லிகிராம் என்றால் எத்தனை குளிசை? பின்வாங்கில் இருக்கிற ஒரு பையன்தான் முதலில் கத்தினான், "தொண்ணூறாயிரம் சேர்!" ஒரு நாளைக்குத் தொண்ணூறாயிரம் குளிசை ஓடைக்குள். அப்போது தொண்ணூறு இலட்சம் சனம் வாழ்ந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் பயன்படுத்தும் சிப்ரோ அது என்று அவர்கள் ஒப்பிட்டிருந்தார்கள். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு ஒரு பிள்ளை கேட்டாள், "அப்ப அவங்களுக்கு அது நட்டம்தானே சேர், விக்கிற மருந்தையே ஏன் கொட்டுறாங்க?" நல்ல கேள்வி. வீணாகும் மருந்தைப் பிடித்து மீட்கும் செலவைவிடக் கொட்டுவது மலிவாக இருந்தது என்பதுதான் பதில். கொட்டுவதற்கு விலை இருக்கவில்லை.

2009இல் அதே ஆய்வாளர்களின் இன்னொரு கட்டுரை வந்தது. இந்த முறை குளங்களிலும் கிராமத்துக் கிணறுகளிலும் நீர் எடுத்திருந்தார்கள். பொது நிலையத்தின் நீர் போய்ச் சேராத இரண்டு குளங்களிலும் சிப்ரோ இருந்தது, லீற்றருக்கு 6.5 மில்லிகிராம் வரை. தும்மலுக்கு நாம் போடும் செட்டிரிசின் 1.2 மில்லிகிராம் வரை. அப்படியென்றால் நிலையத்துக்குப் போகாமல் நேரடியாகவும் யாரோ கொட்டியிருக்கிறார்கள். சோதித்த கிணறுகள் எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. அந்த வருடம் தை மாதம் அசோசியேட்டட் பிரஸ் இதைச் செய்தியாக்கியபோதுதான் படான்செரு என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது. எனக்கு இந்த வரலாற்றில் மறக்க முடியாத இடம் இந்தக் கிணறுகள்தான். அந்த ஊர்ச் சனம் ஒரு குளிசையும் வாங்காமல், ஒரு டொக்டரையும் காணாமல், பல மருந்தை ஒன்றாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாமும் கிணற்றுச் சனம். இப்போது குழாய் நீர் வந்துவிட்டது, ஆனாலும் குளிப்பதும் துவைப்பதும் வுழூ செய்வதும் இன்னும் கிணற்றில்தான். பவுசர் வராத கோடைக்குக் குடிப்பதும் அதில்தான்.

பிறகு என்ன நடந்தது? கொஞ்சம் நல்லது, கொஞ்சம் கண்துடைப்பு.

படான்செரு நிலையத்தின் நீரை அங்கே விடாமல் 18 கிலோமீற்றர் குழாய் போட்டு ஹைதராபாத்தின் அம்பர்பேட்டைக் கழிவுநீர் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது மூசி ஆற்றுக்குப் போகும். ஒரு ஆற்றின் நோயை இன்னொரு ஆற்றுக்கு மாற்றிய வேலை என்றே நான் சொல்வேன். இதைவிட நல்ல வேலை தொழிற்சாலைகளின் உள்ளே நடந்தது. கழிவுநீரை வெளியே விடாமல் உள்ளேயே ஆவியாக்கி, நீரைத் திரும்பப் பயன்படுத்தி, எஞ்சும் உப்பையும் கசடையும் தனியாக அப்புறப்படுத்தும் முறையைப் பல கம்பனிகள் பொருத்தின. மின்சாரச் செலவு அதிகம். ஒழுங்காக நடத்தினால் பலன் உண்டு, பரிசோதகர் வரும் நாளில் மட்டும் நடத்தினால் இல்லை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்ற அளவுகோல் அதற்குப் பிறகுதான் வந்தது. 2016இல் லார்சனும் அவருடைய சகா ஒருவரும் நூற்றுக்கு மேற்பட்ட அன்டிபயோட்டிக்குகளுக்கு, எந்த அளவுக்குக் கீழே இருந்தால் கிருமிகள் எதிர்ப்பு வளர்க்காது என்று கணித்துப் பட்டியல் வெளியிட்டார்கள். சிப்ரோவுக்கு அது லீற்றருக்கு 0.064 மைக்ரோகிராம். படான்செருவில் கண்டது 31,000 மைக்ரோகிராம். வகுத்துப் பார்ப்பதை உங்களிடம் விடுகிறேன்.

2020 தை மாதம் இந்தியா ஒரு துணிச்சலான வேலை செய்தது. தொழிற்சாலைக் கழிவுநீரில் 121 அன்டிபயோட்டிக்குகள் எவ்வளவு இருக்கலாம் என்று எல்லை குறித்து வரைவுச் சட்டம் வெளியிட்டது. உலகில் வேறெந்த நாடும் அப்போது இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் 2021இல் இறுதி அறிவித்தல் வந்தபோது அந்த எல்லைகள் அதில் இல்லை. யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

வாங்குகிற நாடுகள் பக்கத்தில் இதைவிட வேகமாக மாற்றம் வருகிறது. நோர்வேயில் ஆஸ்பத்திரிகளுக்கு அன்டிபயோட்டிக் வாங்கும் கேள்விப்பத்திரத்தில் சுற்றாடலுக்கும் புள்ளி போடத் தொடங்கினார்கள். நான் மேலே சொன்ன, இல்லாமல் இருந்த அந்த நிரல் இதுதான். 2024 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அன்டிபயோட்டிக் தொழிற்சாலைகளின் கழிவுக்கு முதல் தடவையாக வழிகாட்டி வெளியிட்டது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம், நகரக் கழிவுநீரிலிருந்து இப்படியான நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 வீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பனிகளே கட்டவேண்டும் என்று சட்டம் செய்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயிருக்கின்றன. போகட்டும்.

தொழிற்சாலை இல்லாத நம் ஊருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இரண்டு வேலை இருக்கிறது.

நாம் விழுங்குவது எல்லாம் உடம்பில் கரைந்து போவதில்லை. மெட்ஃபோமின் ஏறக்குறைய முழுவதுமே மாறாமல் வெளியேறும். சிப்ரோவில் பாதிக்குக் கிட்ட அப்படியே வெளியேறும். அதைத் தடுக்க முடியாது, நோயாளி மருந்து போடத்தான் வேண்டும், யாரும் இதை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தடிமலுக்கும் சளிக்கும் துண்டு இல்லாமல் பாமசியில் "ரெண்டு நாளைக்கு அன்டிபயோட்டிக் தாங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அது தேவையில்லாமல் நம் குழிக்குப் போகிறது.

மற்றது இந்தப் பை. சுவீடனில் 1970களிலிருந்தே மிச்ச மருந்தைப் பாமசியில் திருப்பிக் கொடுக்கிறார்கள், அது அதிக வெப்பத்தில் எரிக்கப்படுகிறது. உம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொடுத்த மருந்தைத் திருப்பி எடுக்கும் ஒழுங்கு இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு தாதி மட்டும் சிரித்துக்கொண்டு, "சேர், இப்படிக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். இரண்டு பாமசிகளிலும் கேட்டேன், ஒன்றில் காலாவதியாகாததை மட்டும் தாருங்கள் என்றார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

வளவுக்குள் புதைத்தால் மணல் வழியே கிணற்றுக்கே வரும். குப்பையோடு கொளுத்தினால் புகையும் பிளாஸ்டிக்கும். நம் ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகள், சீனியும் பிரஷரும் இல்லாத வீடு எது? எல்லா அலுமாரியிலும் இப்படி ஒரு பை இருக்கும்.

அதனால் என் கேள்வி. பாமசியில் இருக்கும் பிள்ளைகளே, ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களே: உங்களிடம் காலாவதியாகும் மருந்துகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதை எடுத்துச்செல்ல ஒரு வாகனம் வருகிறதா? வருகிறது என்றால், வருடத்துக்கு ஒரு தடவை ஊர்ச் சனத்தின் மிச்ச மருந்தையும் அதோடு சேர்த்து அனுப்ப முடியுமா? முடியுமென்றால் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி செய்து தர நான் தயார், வைக்கிற இடத்தைப் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு பேசவும் தயார். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன், கையொப்பம் வைக்க விரும்புபவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.

மற்றவர்கள் வீட்டில் ஒரு தடவை எண்ணிப் பார்த்து, கமெண்டில் எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். மருந்தின் பெயரோ நோயின் பெயரோ வேண்டாம். எங்களுடையது 612.